தோட்டப்புறக் கடைக்கு ஒரு செயலி: ஒரே நிரலை எல்லார் கையிலும் ஓட வைக்க முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஓர் ஊரில் சாமான் கடைக்கு ஆர்டர் எடுக்கும் செயலி செய்யப்போகிறீர்கள் என்றால், மடிக்கணினியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நாள் கடையில் நின்று வருகிறவர்களின் கைப்பேசிகளைப் பாருங்கள். நிறைய பேரிடம் விலை குறைந்த ஆண்ட்ராய்டு, அதுவும் படங்களும் வீடியோக்களும் நிறைந்து இடமே இல்லாதது. சிலரிடம் கூகுள் சேவை இல்லாத ஹுவாவே. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகளிடம் ஐபோன், அவர்கள் அங்கிருந்தே தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்குச் சாமான் போடச் சொல்வார்கள். கல்லாவில் ஒரு பழைய விண்டோஸ் கணினி. இந்த நாலுக்கும் தனித்தனியாக எழுத ஓர் ஆளுக்கு ஆயுள் போதாது. ஒரே நிரலை எழுதி எல்லாவற்றிலும் ஓட்டலாம், ஆனால் சோதிப்பது மட்டும் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத்தான் நடக்க வேண்டும், அதுவும் முதல் வாரத்திலிருந்தே. இந்த வழிகாட்டி முழுவதும் அதைச் சுற்றித்தான்.

கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன். திரையில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

படி 1: கருவிகள்

ஒரே நிரலிலிருந்து பல தளங்களுக்குச் செயலி கட்டும் கருவிகளில், நான் பிளட்டரைத்தான் சொல்வேன். கூகுள் 2018 டிசம்பரில் இதன் முதல் நிலையான பதிப்பை விட்டது. 2022 மே மாதம் வந்த 3ஆம் பதிப்போடு ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், வலை, விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆறுக்கும் ஆதரவு நிலையாகிவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட் ஏற்கெனவே கைவந்தவர் என்றால், ஃபேஸ்புக் 2015இல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ்வும் நல்லதுதான். புதிதாகத் தொடங்குகிறவருக்குப் பிளட்டரின் டார்ட் மொழி சீக்கிரம் பிடிபடும்.

மடிக்கணினியில் 8 ஜிபி ராம் இருந்தால் ஓட்டலாம், 16 இருந்தால் நிம்மதி. பிளட்டர் எஸ்டிகே (அதன் கருவித்தொகுப்பு), ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, எழுதுவதற்கு விஷுவல் ஸ்டூடியோ கோட், இந்த மூன்றையும் போடுங்கள். பிளட்டரை வைக்கும் கோப்புறையின் பெயரில் இடைவெளி இருக்கக்கூடாது. அப்புறம் ‘பிளட்டர் டாக்டர்’ என்று அடித்தால் எது குறைகிறது என்று அதுவே வரிசையாகச் சொல்லும். ஆண்ட்ராய்டு உரிமங்களை ஏற்கவில்லை என்று சொன்னால், ஏற்பதற்கான கட்டளையையும் அங்கேயே காட்டும். பச்சைக் குறி எல்லாவற்றுக்கும் வர வேண்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள், இப்போதைக்கு ஆண்ட்ராய்டுக்கும் குரோமுக்கும் வந்தால் போதும்.

படி 2: திட்டத்தைத் திறப்பது

‘பிளட்டர் கிரியேட்’ கட்டளையில் தளங்களைக் குறிப்பிடும்போது ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், வலை மூன்றையும் கொடுங்கள். விண்டோஸை ஏன் விட்டேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். நிறுவனப் பெயர் கேட்கும் இடத்தில் நிதானமாக யோசித்துப் போடுங்கள். அதிலிருந்துதான் செயலியின் அடையாளப் பெயர் உருவாகிறது, பிளே ஸ்டோரில் ஒருமுறை ஏற்றிவிட்டால் அதை மாற்றவே முடியாது.

படி 3: பொருள் பட்டியல், தேடல்

கடைச் செயலியின் உயிர் தேடல் பெட்டியில் இருக்கிறது. நம் ஊரில் ஒரே பொருளை ஒரே வீட்டில் மூன்று விதமாகத் தேடுவார்கள். பாட்டிக்குக் கறிவேப்பிலை, மருமகளுக்கு மலாயில் டாவுன் காரி, பேரனுக்கு ஆங்கில எழுத்தில் தமிழ் உச்சரிப்பு. பச்சை மிளகாய்க்கு சிலி ஹிஜாவ், மஞ்சளுக்குக் குஞிட், வெங்காயத்துக்கு பாவாங். அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் காட்டும் பெயர் தவிர ‘தேடுசொற்கள்’ என்று ஒரு பட்டியல் வையுங்கள். எழுத்துப் பிழையோடு அடிப்பதையும் அதில் சேருங்கள். கல்லாவில் இருப்பவரோடு இரண்டு மாலை உட்கார்ந்தால் இந்தச் சொற்களெல்லாம் வந்துவிடும், வேறு எங்கிருந்தும் உங்களுக்குக் கிடைக்காது.

தரவை எங்கே வைப்பது? ஒரு கடைக்கு, கூகுளின் ஃபயர்பேஸ் சேவைத் தொகுப்பில் இருக்கும் இணையத் தரவுத்தளமான ஃபயர்ஸ்டோர் போதும். இலவசத் திட்டத்தில் ஒரு நாளைக்கு 50,000 வாசிப்புகளும் 20,000 எழுதுதல்களும் கிடைக்கின்றன. நிறைய இருக்கிறதே என்று தோன்றும், கணக்குப் போட்டுப் பாருங்கள்: 600 பொருள்களை 600 தனி ஆவணங்களாக வைத்து, 80 பேர் ஆளுக்கு ஒருமுறை செயலியைத் திறந்தாலே 48,000 வாசிப்பு தீர்ந்தது. அதனால் பொருள் பட்டியல் முழுவதையும் ஒரே ஜேசன் கோப்பாக (தரவை எழுத்து வடிவில் வைக்கும் கோப்பு) ஃபயர்பேஸ் ஹோஸ்டிங்கில், அதாவது கோப்புகளை இணையத்தில் வைக்கும் சேவையில் வையுங்கள், கூடவே ஒரு பதிப்பு எண்ணும். செயலி திறந்ததும் எண்ணை மட்டும் பார்க்கும், மாறியிருந்தால்தான் கோப்பை இறக்கும், இல்லாவிட்டால் கைப்பேசியில் சேமித்ததையே காட்டும். ஃபயர்ஸ்டோரை ஆர்டர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோழி விலை காலையில் ஏறினால் கோப்பையும் பதிப்பு எண்ணையும் மாற்றுவதோடு வேலை முடிந்துவிடும், புதுப் பதிப்பு விடத் தேவையில்லை.

ஃபயர்ஸ்டோரைச் சோதனை நிலையில் திறந்தால் முதல் 30 நாள் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம். அப்படியே விட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளர் தன் ஆர்டரை மட்டும் எழுதலாம், தன்னுடையதை மட்டும் படிக்கலாம் என்று பாதுகாப்பு விதியை முதல் நாளே எழுதுங்கள். பெயர், தொலைபேசி எண், வீடு இருக்கும் இடம் எல்லாம் அதில் இருக்கும். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சும்மா பேருக்கு இல்லை. தேவையில்லாத அடையாள அட்டை எண்ணையெல்லாம் கேட்கவே கேட்காதீர்கள்.

படி 4: காசுக் கணக்கு

வெள்ளியை (ரிங்கிட்டை) புள்ளி எண்ணாக வைக்கக்கூடாது. கணினியில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும். எல்லா விலையையும் சென்னில், அதாவது காசில், முழு எண்ணாக வையுங்கள். எடையைக் கிராமில், அதுவும் முழு எண்ணாக. கத்தரிக்காய் கிலோ 6 வெள்ளி 80 காசு என்றால் 680. ஒருவர் 350 கிராம் கேட்டால் 680ஐ 350ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் 238, அதாவது 2 வெள்ளி 38 காசு.

இங்கே இன்னொன்று இருக்கிறது. 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் ரொக்கமாகக் கட்டினால் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிசெய்கிறோம், 1 சென் நாணயம் புழக்கத்தில் இல்லை. இது ரொக்கத்துக்கு மட்டும்தான், அதுவும் மொத்தத்துக்கு மட்டும்தான். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகச் சரிசெய்தால் தப்பு, க்யூஆரில் கட்டுகிறவருக்குச் சரிசெய்தாலும் தப்பு. மேலே சொன்ன கத்தரிக்காயோடு 4 வெள்ளி 90 காசுக்கு ஒரு பாக்கெட் சேர்ந்தால் மொத்தம் 7.28. ரொக்கம் என்றால் 7.30, க்யூஆர் என்றால் அதே 7.28. நிரலில் எழுதுவது எளிது: சென் தொகையோடு 2ஐக் கூட்டி, 5ஆல் முழு எண்ணாக வகுத்து, திரும்ப 5ஆல் பெருக்குங்கள். 722 போட்டால் 720, 723 போட்டால் 725, 728 போட்டால் 730. கையாலும் ஒருமுறை சரிபாருங்கள்.

அப்புறம், கைப்பேசி கூட்டிக் கொடுக்கும் மொத்தத்தை அப்படியே நம்பக்கூடாது. கல்லாத் திரை தன்னிடம் இருக்கும் விலைப்பட்டியலை வைத்து மறுபடி கூட்டட்டும்.

படி 5: கூடை, ஆர்டர், வராத சிக்னல்

செம்பனைக்கு நடுவில் இருக்கிற லயன் வீடுகளில் சிக்னல் வரும், போகும். அந்த அம்மா ‘ஆர்டர் போடு’ பொத்தானை அழுத்துகிறார், சக்கரம் சுற்றுகிறது, ஒன்றும் நடக்கவில்லை, திரும்ப அழுத்துகிறார். சாயங்காலம் பையன் மோட்டாரில் இரண்டு மூட்டை அரிசியோடு வந்து நிற்கிறான். இதைத் தடுக்க வேண்டியது உங்கள் நிரல்தான்.

கூடையில் முதல் பொருள் விழும்போதே கைப்பேசி ஓர் ஆர்டர் எண்ணை உருவாக்கிக்கொள்ளட்டும். ஒன்றுபோல இன்னொன்று வராத எண்ணை உருவாக்க ‘யூயூஐடி’ என்ற பொதி (ஆயத்த நிரல்) இருக்கிறது. ஃபயர்ஸ்டோரில் எழுதும்போது அந்த எண்ணையே ஆவணத்தின் பெயராகக் கொடுத்துவிட்டால், பத்து முறை அழுத்தினாலும் அதே ஆவணத்தின் மேல்தான் எழுதும். புது ஆர்டர் பிறக்காது.

அடுத்தது, பலர் தடுக்கி விழும் இடம். ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸ்ஸிலும் ஃபயர்ஸ்டோர் இணையம் இல்லாதபோதும் எழுதியதைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் அனுப்பிவிடும். வலையில் இந்த வசதியை நீங்கள்தான் இயக்க வேண்டும். ஆனால் நிரலில் எழுதும் வரிக்கு முன்னால் ‘அவெய்ட்’ போட்டிருந்தால், சேவையகம் பதில் சொல்லும்வரை அந்த வரி முடியவே முடியாது, சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். எழுதியதும் காத்திருக்காமல் அடுத்த திரைக்குப் போய், ‘கைப்பேசியில் சேமித்தாயிற்று, சிக்னல் வந்ததும் கடைக்குப் போய்விடும்’ என்று தமிழில் தெளிவாகக் காட்டுங்கள். ஆவணத்தின் கூடவே வரும் ‘ஹேஸ் பெண்டிங் ரைட்ஸ்’ என்ற குறி பொய்யானதும் ‘கடைக்குக் கிடைத்தது’ என்று மாற்றுங்கள். இந்த இரண்டு வாசகங்களின் வித்தியாசம்தான் ஆட்களை உங்கள் செயலியை நம்ப வைக்கும்.

முகவரிப் பெட்டியிலும் கவனம் வேண்டும். தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருப்பவர் ஜாலான் (சாலை) பெயரும் வீட்டு எண்ணும் சொல்வார். தோட்டத்தில் இருப்பவருக்குத் தோட்டம், டிவிஷன், லயன், வீட்டு எண், கூடவே ‘மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால்’ மாதிரி ஓர் அடையாளம். இரண்டு வகைப் படிவம் வையுங்கள், அஞ்சல் குறியீட்டைக் கட்டாயமாக்காதீர்கள்.

படி 6: பணம், கடன்

555 நோட்டைத் தெரியாத சாமான் கடை இந்த நாட்டில் உண்டா? சம்பளம் வரும்வரை கணக்கில் எழுதி வாங்குவது தோட்டத்து வாழ்க்கையில் சாதாரணம், அதைச் செயலியில் விட்டுவிட்டால் பாதி வாடிக்கையாளர்களை வாசலிலேயே நிறுத்தியது போல ஆகிவிடும். ‘கணக்கில் எழுது’ என்பதை ஒரு கட்டண முறையாகவே வையுங்கள். ஆனால் யாருக்கு அது தெரிய வேண்டும், எவ்வளவு வரை என்பதைக் கடைக்காரர் மட்டும் தன் திரையிலிருந்து முடிவு செய்யட்டும். ஒருவருக்கு இல்லை என்றால் அந்தப் பொத்தான் அவருக்குத் தெரியவே கூடாது, அழுத்திய பிறகு மறுத்தால் மனம் நோகும்.

பாக்கியை ஒரே எண்ணாக வைத்து ஏற்றி இறக்காதீர்கள். வாங்கியது ஒரு வரி, கட்டியது ஒரு வரி, எந்த வரியையும் அழிக்க முடியாது, தப்பாக எழுதினால் திருத்தம் என்று இன்னொரு வரி. பாக்கி என்பது அந்த வரிகளின் கூட்டல். வாடிக்கையாளரும் அதே வரிகளைத் தன் கைப்பேசியில் பார்க்கலாம், அப்போது சம்பள நாளில் வாக்குவாதம் வராது.

க்யூஆருக்கு வருவோம். கடையின் டுயிட்நவ் (மலேசிய வங்கிகளின் பொதுப் பணப்பரிமாற்ற முறை) க்யூஆர் படத்தைத் திரையில் காட்டினால், அதே கைப்பேசியால் அதை எப்படி ஸ்கேன் செய்வது? ‘படத்தைச் சேமி’ பொத்தான் கொடுங்கள், பல வங்கிச் செயலிகளில் கேலரியிலிருந்து க்யூஆரைத் திறக்கலாம். பணம் வந்ததா என்பதைக் கடைக்காரர் தன் கணக்கில் பார்த்து உறுதி செய்ய வேண்டும், அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை வைத்து முடிவு செய்யக்கூடாது. எஃப்பிஎக்ஸ் (இணைய வங்கிக் கட்டண முறை) வழியாக நேரடியாக வாங்க வேண்டும் என்றால் பில்பிளிஸ், டோய்யிப்பே மாதிரி உள்ளூர்ச் சேவைகள் இருக்கின்றன. அவற்றின் இரகசியச் சாவியைச் செயலிக்குள் வைக்கவே கூடாது, ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் கோப்பு) பிரித்து யாரும் எடுத்துவிடலாம். சாவி சேவையகத்தில் இருக்க வேண்டும், அதற்கு ஃபயர்பேஸின் கட்டணத் திட்டத்துக்கு மாற வேண்டியிருக்கும். கடை நிலைபெறும் வரை ரொக்கம், க்யூஆர், கணக்கு மூன்றும் போதும்.

படி 7: திரை

பொருள்களைக் கட்டங்களாகக் காட்டும்போது ‘இரண்டு வரிசை’ என்று எண்ணைக் கொடுக்காமல், ஒரு கட்டத்தின் அதிகபட்ச அகலத்தைக் கொடுங்கள். கைப்பேசியில் இரண்டும் டேப்லெட்டில் நாலும் கணினியில் ஆறும் தானாக வரும். தமிழ்ச் சொற்கள் நீளம், போதாததற்கு வயதானவர்கள் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள், அதனால் எந்தப் பொத்தானுக்கும் உயரத்தை நிர்ணயிக்காதீர்கள். கைப்பேசி அமைப்பில் எழுத்தை மிகப் பெரிதாக்கிவிட்டுச் செயலியைத் திறந்து பாருங்கள். எங்கே மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை தெரிகிறதோ அங்கே இடம் போதவில்லை என்று அர்த்தம்.

நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் செயலிக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால் வலைப் பதிப்பு எழுத்துருவை இணையத்திலிருந்து இறக்கும், அதுவரை வெறும் கட்டங்கள்தான் தெரியும். பொருள் படங்களை 600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி வெப்பி வடிவில் ஏற்றுங்கள்.

படி 8: ஒவ்வொரு சாதனத்திலும் ஓட்டுவது

‘பிளட்டர் டிவைசஸ்’ என்று அடித்தால் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் வரும். ‘பிளட்டர் ரன்’ கட்டளையோடு சாதனத்தின் பெயரைக் கொடுத்தால் அதில் ஓடும். ஓடும்போது சிறிய ஆர் எழுத்தை அழுத்தினால் மாற்றம் உடனே தெரியும், கூடை அப்படியே இருக்கும். பெரிய ஆர் அழுத்தினால் முதலிலிருந்து தொடங்கும்.

குரோமில் தொடங்குங்கள், அதுதான் வேகம். அப்புறம் ஆண்ட்ராய்டு எமுலேட்டர், அதாவது மடிக்கணினிக்குள் ஓடும் போலிக் கைப்பேசி. பொருள் பட்டியல் கோப்பை மடிக்கணினியிலேயே வைத்துச் சோதிக்கிறீர்கள் என்றால், எமுலேட்டருக்கு ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்பது அது தன்னையே குறிப்பது. மடிக்கணினியைப் பிடிக்க 10.0.2.2 என்ற முகவரியைக் கொடுக்க வேண்டும். நிஜக் கைப்பேசிக்கு இரண்டும் உதவாது, மடிக்கணினியின் வைஃபை முகவரி வேண்டும், இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். அதோடு ஆண்ட்ராய்டு 9 முதல் குறியாக்கம் இல்லாத இணைப்பை இயல்பாகவே தடுக்கும், ஹோஸ்டிங்கில் ஏற்றியதும் அந்தச் சிக்கல் போய்விடும்.

நிஜ ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘கைப்பேசி பற்றி’ என்ற பகுதிக்குப் போய் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் அமைப்பு திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளைச் செருகுங்கள். ஒன்றும் வரவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், சில கேபிள்கள் சார்ஜுக்கு மட்டும்தான். டீபக் நிலையில் (பிழை தேடுவதற்கான நிலை) செயலி மெதுவாகத்தான் ஓடும், அதை வைத்து மனம் தளராதீர்கள். வேகத்தைப் பார்க்க ‘ப்ரொஃபைல்’ நிலையில், கிடைத்ததிலேயே பழைய கைப்பேசியில் ஓட்டுங்கள். எமுலேட்டரில் அந்த நிலை ஓடாது.

ஹுவாவேயில் ஃபயர்ஸ்டோர் ஓடும், ஆனால் கூகுள் வழியாக வரும் அறிவிப்பு வராது. 2019 செப்டம்பரில் வந்த மேட் 30 முதல் அவர்களுடைய புதிய மாடல்களில் கூகுள் சேவை இல்லை. அதனால் ‘உங்கள் சாமான் கிளம்பிவிட்டது’ என்பதை அறிவிப்பை மட்டும் நம்பி விடாமல், கல்லாத் திரையில் வாட்ஸ்அப் பொத்தான் ஒன்று வையுங்கள். எண்ணின் முதல் 0வுக்கு முன்னால் 6ஐச் சேர்த்தால் நாட்டுக் குறியீட்டோடு சரியாகத் திறக்கும்.

ஐபோனுக்கு முறையாகச் செயலி கட்ட மேக் கணினியும் ஆப்பிளின் எக்ஸ்கோடு மென்பொருளும் வேண்டும். இல்லாதவர்கள் கோட்மேஜிக் மாதிரி சேவையில் வாடகை மேக்கில் கட்டலாம், ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். என் கருத்து, முதல் வருடம் அது வேண்டாம். வலைப் பதிப்பை சஃபாரியில் திறந்து ‘முகப்புத் திரையில் சேர்’ என்று கொடுத்தால் செயலி மாதிரியே நிற்கும், ஐஓஎஸ் 16.4 முதல் அப்படிச் சேர்த்ததற்கு அறிவிப்பும் அனுப்பலாம்.

கல்லாக் கணினிக்கும் வலைப் பதிப்பையே குரோமில் திறந்து வையுங்கள். பிளட்டரில் விண்டோஸுக்கான ஃபயர்பேஸ் ஆதரவு சோதனைக்கு மட்டுமே என்று அவர்களே சொல்கிறார்கள், அதனால்தான் படி 2இல் அதை விட்டேன். பார்கோடு ஸ்கேனருக்குத் தனி நிரல் எதுவும் தேவையில்லை. அது கணினிக்கு ஒரு கீபோர்டு மாதிரிதான், எண்களை அடித்துக் கடைசியில் என்டர் தட்டும். ஓர் எழுத்துப் பெட்டியில் கர்சரை எப்போதும் நிறுத்தி வைத்து, என்டர் வந்ததும் பொருளைத் தேடினால் முடிந்தது.

படி 9: வெளியே விடுவது

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். இணைய அனுமதி டீபக் பதிப்புக்குத் தானாகவே இருக்கும், வெளியீட்டுப் பதிப்புக்கு முதன்மை மேனிஃபெஸ்ட் கோப்பில் (செயலிக்கான அனுமதிகளைக் குறிக்கும் கோப்பு) நீங்கள்தான் எழுத வேண்டும். சோதனையில் ஓடிய செயலி வெளியே விட்டதும் வெறும் திரையாக நின்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

பிளே ஸ்டோரில் கணக்குத் திறக்க ஒருமுறை 25 அமெரிக்க டாலர். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனையில் இருந்தால்தான் பொதுவில் விட விண்ணப்பிக்க முடியும். கடை வாடிக்கையாளர்களிலேயே 12 பேரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள், நடுவில் ஒருவர் விலகினாலும் குறையாதபடி இன்னும் சிலர் கூடுதலாக இருந்தால் நல்லது. அந்த இரண்டு வாரம் வீணில்லை, அவர்கள் சொல்லும் குறைகளைத் திருத்தவே சரியாக இருக்கும்.

ஸ்டோருக்கு ‘ஆப் பண்டில்’ வடிவில் கட்டுங்கள். வாட்ஸ்அப்பில் கொடுத்துச் சோதிக்க ஏபிகே தேவைப்பட்டால், சிப் வகைவாரியாகப் பிரித்துக் கட்டும் வழி இருக்கிறது, கோப்பு சிறியதாக இருக்கும். பழைய கைப்பேசிகளுக்கு 32 பிட் கோப்பைக் கொடுங்கள். சில மலிவு மாடல்களில் சிப் 64 பிட்டாக இருந்தாலும் உள்ளே ஓடும் ஆண்ட்ராய்டு 32 பிட்டாக இருக்கும், அதில் 64 பிட் கோப்பை நிறுவவே முடியாது. செயலி உங்களுடையதுதான் என்று காட்டும் கையொப்பச் சாவிக் கோப்பையும் அதன் கடவுச்சொல்லையும் மடிக்கணினிக்கு வெளியே இன்னோர் இடத்திலும் வைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் பப்ஸ்பெக் என்ற திட்ட அமைப்புக் கோப்பின் பதிப்பு வரியில் கூட்டல் குறிக்குப் பின்னால் இருக்கும் எண் ஏற வேண்டும், இல்லாவிட்டால் பிளே ஸ்டோர் வாங்காது. கைப்பேசியில் இடம் இல்லாதவர்கள் மாதக்கணக்கில் பழைய பதிப்பிலேயே இருப்பார்கள், ஆகவே ஆர்டர் ஆவணத்தில் புதிய விவரங்களைச் சேர்க்கலாம், பழையவற்றின் பெயரை மாற்றாதீர்கள். ஸ்டோரின் பரிசீலனைக்குச் சில நாள் ஆகலாம் என்பதால் தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் புதுப் பதிப்பு எதுவும் விடவேண்டாம். முறுக்கு மாவும் நெய்யும் அப்போதுதான் அதிகம் போகும், அந்த நேரத்தில் பொருள் பட்டியல் கோப்பை மட்டும் தொடுங்கள்.